பெட்லமும் கீழ்ப்பாக்கமும்

சட்டசபையில் நாலு பேர் எழுந்து கத்தினால் போதும். மறுநாள் ஆங்கிலப் பத்திரிகை 'பெட்லம்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடும். அமளி, கூச்சல், குழப்பம் என்று அர்த்தம். அகராதியில் இன்னும் இரண்டு வரி படித்தால், அது ஓர் ஆஸ்பத்திரியின் பெயர் என்று தெரியும். அந்த இரண்டு வரியைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்த வார்த்தையின் மேல் கோபம்.

1247-ல் லண்டன் நகர மதிலுக்கு வெளியே பெத்லகேம் மாதாவின் பெயரால் ஒரு மடம் ஏற்பட்டது. நாளடைவில் அது சித்தம் கலங்கியவர்களை வைத்துப் பார்க்கும் இடமாயிற்று. ஜனங்களின் நாக்கில் பெத்லகேம் தேய்ந்து பெட்லம் ஆயிற்று. ஏசுநாதர் பிறந்த ஊரின் பெயர் கூச்சலுக்குப் பெயராகிப் போன விதம் இதுதான்.

சரி, அங்கே கூச்சல் போட்டது யார்? 1676-ல் மூர்ஃபீல்ட்ஸில் அரண்மனை மாதிரி புதுக் கட்டடம் கட்டினார்கள். பண்டிகை நாட்களில் கனவான்களும் சீமாட்டிகளும் கடைப் பையன்களும் கும்பல் கும்பலாக வந்து, உண்டியலில் காசு போட்டுவிட்டு, கூண்டுக் குரங்கைப் பார்ப்பது போல நோயாளிகளைப் பார்த்தார்கள். சும்மா பார்த்தார்களா? சீண்டினார்கள். சீண்டப்பட்டவன் சீறினால் சிரித்தார்கள். ஹோகார்த் என்ற சித்திரக்காரர் 1735-ல் வெளியிட்ட ஒரு படத்தில், சங்கிலி மாட்டிய ஒருவன் தரையில் கிடக்க, பின்னால் பட்டுடுத்திய இரண்டு சீமாட்டிகள் விசிறியும் கையுமாக வேடிக்கை பார்க்கிறார்கள். 1770-ல்தான் இந்தத் திருவிழாவுக்குக் கட்டுப்பாடு வந்தது.

வேடிக்கை போயிற்றே தவிர, இரும்பு போகவில்லை. 1814-ல் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் ஜேம்ஸ் நாரிஸ் என்ற மனிதரைக் கண்டார்கள். கழுத்தில் இரும்பு வளையம். அதிலிருந்து ஒரு சங்கிலி கம்பத்துக்கு. கைகளை உடம்போடு சேர்த்து இரும்புப் பட்டை. ஏறக்குறைய பத்து வருஷம் இப்படி! அவரோ பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். கேட்ட கேள்விக்கு நிதானமாகப் பதில் சொன்னார். அந்த இடத்தில் அவரை விட அமைதியான ஆசாமி இருந்திருக்க முடியாது போலிருக்கிறது. மறு வருஷம் பார்லிமெண்டுக் கமிட்டி விசாரித்தது. அதே 1815-ல் ஆஸ்பத்திரி குடிபோன கட்டடத்தில்தான் 1936 முதல் யுத்த மியூசியம் இருக்கிறது. வாசலில் இரண்டு பெரிய பீரங்கிகள். அமளிக்குப் பொருத்தமான குடித்தனக்காரர் பிறகுதான் வந்தார்.

"வார்த்தையின் பூர்வோத்தரத்தை யார் ஐயா பார்க்கிறார்கள்?" என்றார் ஒரு நண்பர். வாஸ்தவம். லண்டன்காரருக்கு அது தேய்ந்த காசு. ஆஸ்பத்திரி ஞாபகம் வராது. ஆனால் நாம் 'கீழ்ப்பாக்கம்' என்கிறோமே, அது தேய்ந்த காசா? 1871 முதல் மனநோய் ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. இன்று காலையிலும் மருந்துச் சீட்டும் கையுமாக ஒரு தாயார் அங்கே வரிசையில் நின்றிருப்பாள். "சரியான கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று ஹாஸ்ய நடிகர் சொன்னதும் கொட்டகை சிரிக்கிறது. அந்தக் கொட்டகையில் அவளுடைய இன்னொரு பிள்ளை உட்கார்ந்திருந்தால் எந்தப் பக்கம் பார்ப்பான்? நாம் உண்டியலில் காசு போடுவதில்லை, உண்மைதான். டிக்கெட் வாங்குகிறோம்.

எனக்கு மட்டும் என்ன யோக்கியதை? என் முதல் நாவலில், சந்தடி மிகுந்த ஒரு கல்யாண வீட்டை வர்ணிக்கும்போது இதே கீழ்ப்பாக்கத்தை இழுத்திருந்தேன். புரூப் திருத்திய நண்பர் அந்த வரியின் ஓரத்தில் பென்ஸிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். சந்திப்பிழை ஏதோ என்று நினைத்துப் பார்த்தேன், பிழை இல்லை, விட்டுவிட்டேன். அவருடைய தம்பி மூன்று வருஷமாக அங்கே சிகிச்சை பெற்று வந்தது பிற்பாடு வேறொருவர் சொல்லித் தெரிந்தது. அடுத்த பதிப்பில் வரியை எடுத்தேன். அந்தப் புரூபையும் அவரேதான் திருத்தினார். அந்தப் பக்கத்தில் எந்தக் குறியும் இல்லை. நானும் அவரும் இதுவரை அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.