ஒளித்து வைத்த குச்சி



“மிஸ், எங்க மருமக ராத்திரி பூரா போனுல எதையோ தேடிக்கிட்டே இருக்கா. என்னான்னு கொஞ்சம் கேளுங்களேன்.”

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எமது பெண்கள் குழுக் கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மா என்னிடம் இரகசியமாகச் சொன்னார். அன்றே அவரது லயக் காம்பராவுக்குப் போனேன். மருமகள் கூச்சத்தோடு போனை நீட்டினாள். பழைய காலத்து அறையொன்றின் படம். விளக்கு, குடை, சாவி, பொம்மை என்று சாமான்கள் குவிந்து கிடந்தன. கீழே சில பெயர்கள். பெயருக்குரிய பொருளைக் குவியலுக்குள் கண்டுபிடித்துத் தொட வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே மாதிரி விளையாட்டு என் போனிலும் இருந்தது!

இதனோடு எனக்குப் பழைய உறவு உண்டு. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு 2008 இல் பதுளை நகரில் கணினி வகுப்புக்குப் போனபோது, பாடம் முடிந்ததும் நாங்கள் நான்கைந்து பேர் ஒரே திரையைச் சுற்றி நின்று இதைத்தான் விளையாடுவோம். அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள பிக் ஃபிஷ் நிறுவனம் 2005 இல் வெளியிட்ட ‘மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்’ அது. ஒரு மணித்தியாலம் மட்டுமே இலவசம். அதற்கு முன்பே, 1987 இல், மார்ட்டின் ஹான்ஃபோர்ட் என்ற ஆங்கிலேய ஓவியர் சனக்கூட்டத்துக்குள் ஒருவனை ஒளித்து வைத்து ‘வாலி எங்கே?’ என்று படப் புத்தகம் போட்டிருந்தார். 2017 இல் ஜெர்மனியிலிருந்து வந்த ‘ஜூன்ஸ் ஜேர்னி’ என்ற போன் விளையாட்டில், தன் சகோதரியின் மரணத்துக்குக் காரணம் தேடும் ஒரு பெண்தான் கதாநாயகி.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க, மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, “இது நம்ம கிச்சுக் கிச்சுத் தாம்பாளந்தானே!” என்றார். எவ்வளவு சரியான பேச்சு!

உங்களில் பலர் அதை விளையாடியிருப்பீர்கள். இருவர் எதிரெதிரே அமர்ந்து, நடுவில் நீளமாக மணலைக் குவிப்போம். ஒருத்தி சிறு குச்சியொன்றை விரல்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு, பாடியபடி மணலுக்குள் கையை முன்னும் பின்னும் கொண்டு போவாள். எங்கோ ஓரிடத்தில் குச்சியை விட்டுவிடுவாள். மற்றவள் இரு கைகளையும் கோத்து, குச்சி இருக்கும் என்று நினைக்கும் இடத்தை மூட வேண்டும். தோட்டத்தில் எங்களுக்கு மணல் ஏது? மழைக்குப் பிறகு கானோரத்தில் படிந்திருக்கும் மண்தான் மணல். ஈர்க்குத் துண்டுதான் குச்சி.

போனில் வந்திருப்பது அதே விளையாட்டின் புதிய உடுப்பு. நிறம் இருக்கிறது, இசை இருக்கிறது, கதை இருக்கிறது. பொருள் அகப்படாவிட்டால் காட்டிக் கொடுக்க ஒரு பொத்தானும் இருக்கிறது. ஆனால் எதிரே ஆள் இல்லை. ஒளித்து வைத்தவளின் முகத்தைப் பார்த்துக் குச்சி எங்கே என்று ஊகிக்க முடியாது. கொஞ்ச நேரம் விளையாடியதும் பலம் தீர்ந்துவிட்டது, காத்திரு அல்லது காசு கொடு என்று கேட்கும் விளையாட்டுகளும் இருக்கின்றன.

மருமகளின் கணவர் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறார். “பிள்ளை தூங்கினதும் கண்டதையும் யோசிக்கிறேன் மிஸ். இதுல தேடுறப்ப அந்த யோசனை வர்றதில்ல” என்றாள். அதில் என்ன தவறு? ஆனால் பின்னிரவு வரை விழித்திருந்து, விடிந்ததும் பிரட்டுக்களத்துக்கு ஓடுவதும், ரீலோட்டுக்குக் கடன் படுவதும் கூடாது என்று இருவருமாகப் பேசி முடிவு செய்தோம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு வாளி மண் கொண்டுவரச் சொன்னேன். பழைய விளையாட்டை எல்லோரும் விளையாடட்டும் என்று ஆசை. அங்கேதான் நான் ஒரு பிழை விட்டேன். அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

தோற்றவளின் கைநிறைய மணலை அள்ளி, அதில் குச்சியை நட்டு, கண்ணைப் பொத்தி, எங்கெங்கோ சுற்றிக் கூட்டிப்போய், ஓரிடத்தில் மணலைக் கொட்ட வைத்துத் திரும்பக் கொண்டுவருவார்கள். பிறகு அந்த இடத்தை அவளே கண்டுபிடிக்க வேண்டும். அன்று தோற்றவர் ஓர் அக்கா. 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய எத்தனையோ குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. 2009 இல் மகனைத் தொலைத்துவிட்டுத் தங்கையின் லயத்துக்கே திரும்பி வந்தவர். பிள்ளைகள் கண்ணைப் பொத்தப் போனதும் அவரது உடம்பு நடுங்கியது. “கண்ணை மட்டும் கட்டாதீங்க” என்றார். கைமண் சிந்திவிட்டது.

சமூகவியல் படித்தவள், உளவளத்துணைப் பயிற்சி பெற்றவள் நான். முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அந்த மாமியார்தான் எழுந்து வந்தார். “கண்ணை மூட வேணாம் தாயி. நானும் கூட வாறேன்” என்று மறுபடி மண்ணை அள்ளி அவர் கையில் வைத்தார். இருவரும் கண் திறந்தபடியே பீலிவரை நடந்து போய்க் கொட்டிவிட்டு வந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் அழவுமில்லை.

பிறகு அந்த அக்கா மூன்று ஆட்டம் ஆடினார், இரண்டில் வென்றார். போகும்போது என்னிடம், “இதுல குச்சி கட்டாயம் உள்ளுக்குத்தான் இருக்குங்க மிஸ். தேடினா கிடைக்கும்” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

அந்த வார்த்தை இன்னும் என் மனதில் இருக்கிறது. எமது சகோதரிகள் பலர் தேடும் தேடலுக்கு அந்த உறுதி இல்லை. காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016 இல் வந்தது. இறந்துவிட்டார் என்று எழுதாமல், காணவில்லை என்றே சான்றிதழ் பெறவும் அதே ஆண்டில் வழி செய்யப்பட்டது. ஆனால் தாய்மாரின் கேள்விக்கு அவை விடையாகிவிடவில்லை. விளையாட்டும் விடையாகாது. ஆயினும் முடிவில் கண்டிப்பாகக் கிடைக்கும் ஒன்றை அரை மணித்தியாலம் தேடுவது களைத்த மனதுக்கு ஓர் ஆறுதல். அந்த நேரத்தில் சிரித்துவிட்டால் காணாமற்போன பிள்ளைக்குத் துரோகம் செய்ததாக நினைக்காதீர்கள். சிரித்த பிறகும் நீங்கள் தேடிக்கொண்டுதான் இருக்கப் போகிறீர்கள்.

குழு நடத்தும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: கண்ணைக் கட்டும், கையைப் பிடித்திழுக்கும், இருட்டில் நிறுத்தும் எந்த விளையாட்டையும் கேட்காமல் தொடங்க வேண்டாம். மாட்டேன் என்பவரிடம் காரணம் கேட்கவும் வேண்டாம். போனில் விளையாடுவோர், டேட்டா இல்லாமல் ஓடும் விளையாட்டைத் தெரிவு செய்யுங்கள். காசு கேட்டால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

போன வாரம் மீண்டும் அந்த லயத்துக்குப் போனேன். மாமியாரும் மருமகளும் ஒரே போனுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். மருமகள் ஆங்கிலப் பெயரை வாசித்துப் பொருள் சொல்கிறாள். மாமியார் சட்டென்று விரலை வைக்கிறார். “எப்படியம்மா இவ்வளவு வேகம்?” என்று கேட்டேன்.

“நாப்பது வருசமா பச்சைக்குள்ள ரெண்டு இலையும் ஒரு மொட்டும் தேடின கண்ணுங்க மிஸ் இது” என்றார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.