நானூறு அடி மீதம்

சீர்காழியில் பிறந்த பிள்ளைக்கு மலை என்றால் சட்டைநாதர் கோயிலின் கட்டுமலை ஒன்றே. மற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் வரப்புமே. ஆகவே நம் பங்கு இளைஞர்கள் கொல்லிமலைக்கு ஏறிவர விரும்பியபோது நாம் தடை சொல்லவில்லை. ஐப்பசி மாதமாயிற்றே என்று மட்டும் முணுமுணுத்தோம்.

காரவள்ளி அடிவாரத்தை அடைந்ததும் வானம் இருண்டு, எதிரே நிற்பவர் முகம் தெரியாத மழை பிடித்துக்கொண்டது. மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். நாம் அஞ்சினோம், அதை மறைப்பானேன்? 2022 நவம்பரில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டி, சம்பாப் பயிரெல்லாம் மூழ்கிய ஊரார் அல்லவா நாம்! ஒரு மணி நேரம் காத்திருந்து, வண்டியைத் திருப்பச் சொன்னோம். மறுநாள் அந்த மலையில் பளீரென்று வெயில் அடித்ததாம். அன்று முதல் பிள்ளைகள் நம்மைக் கண்டால் "தோத்திரம் சாமி" என்பதோடு சரி.

அவர்களுக்காக ஒரு பழைய வரலாற்றை இங்கே எழுதுகிறோம்.

1960-ஆம் ஆண்டு, பிரிகேடியர் கியான் சிங் தலைமையில் இந்தியரின் முதல் எவரெஸ்ட் குழு புறப்பட்டது. சோனம் கியாட்சோ, நவாங் கோம்பு, நரேந்திர குமார் ஆகிய மூவர் 28,300 அடி வரை ஏறினர். சிகரத்துக்கு எழுநூறு அடியே இருக்கையில் கடுங்காற்று அவர்களைத் திருப்பிவிட்டது. 1962-இல் மேஜர் ஜான் டயஸ் தலைமையில் இரண்டாம் குழு சென்றது. கியாட்சோ மறுபடியும் ஏறினார். உடன் மோகன் சிங் கோலியும் ஹரி டாங்கும். 28,600 அடி எட்டியபோது பொழுதும் சாய்ந்தது, வானிலையும் கெட்டது. மீதம் நானூறு அடி. சமதரையில் நாம் பேசிக்கொண்டே நடந்துவிடும் தொலைவு! அவர்கள் இறங்கினார்கள்.

அந்தச் சிகரத்தின்மேல் ஆண்டின் பெரும்பகுதியும் மேலைக்காற்று பேய்வேகத்தில் வீசுகிறது. மே மாதத்தில் அது வடக்கே விலகும். தென்மேற்குப் பருவமழை வந்து பனியைக் கொட்டுவதற்குள் சில நாள் இடைவெளி கிடைக்கும்; அவ்வளவே. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்குமா என்று நம் உழவர் ஏங்கி எதிர்நோக்கும் அதே பருவமழைதான். அரபிக்கடல் பக்கமாகக் குடகுக்கு வந்து நம்மை வாழவைக்கிறது. வங்கக்கடல் பக்கமாக இமயத்துக்குச் சென்று, ஏறுகிறவனை இறங்கிவிடு என்கிறது. சிகரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் உயிர்வளியோ இங்கிருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. அதை வைத்துக்கொண்டு இறங்கவும் வேண்டுமே! 1924-இல் மல்லோரி, இர்வின் என்னும் ஆங்கிலேயர் இருவர் மேகத்துக்குள் ஏறி மறைந்தனர். மல்லோரியின் உடல் 1999-இல்தான் கிடைத்தது.

1965-இல் கோலியே தலைவர். அவ்வாண்டும் முதல் முயற்சியை வானிலை கெடுத்தது. குழுவினர் கீழே இறங்கிக் காத்திருந்தனர். மே 20 அன்று சீமாவும் கோம்புவும் சிகரத்தில் நின்றனர். கோம்பு 1963-இல் அமெரிக்கக் குழுவுடன் ஒருமுறை ஏறியவர். ஆகவே எவரெஸ்டை இருமுறை ஏறிய முதல் மனிதர் ஆனார். மே 22 அன்று சோனம் வாங்கியாலுடன் ஏறியவர் யார் தெரியுமா? இருமுறை திரும்பி வந்த கியாட்சோ! அப்போது அவருக்கு வயது 42.

பொங்கல் கழிந்தால் மழை ஓய்ந்திருக்கும். வண்டிக்காரரிடம் நாமே பேசி வைத்திருக்கிறோம். பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்து அறிந்துகொள்ளட்டும்.