கைகட்டி நின்றால் வேண்டாம் என்று அர்த்தமா?

விற்பனைப் பயிற்சிகளில் அடிக்கடி ஒரு கணக்குச் சொல்லுவினம்: பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகபாவத்துக்கு 55. அல்பேர்ட் மெஹ்ராபியனின் 1967ஆம் ஆண்டு ஆய்வுகளில் இருந்து வந்த கணக்கு அது. ஆனால் அவர் பார்த்தது விருப்பு வெறுப்பு எப்படி வெளிப்படுகிறது என்பதைத்தான். எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது எண்டு அவரே சொல்லியிருக்கிறார்.

கைகட்டி நிற்கிற வாடிக்கையாளர் மறுக்கிறார் எண்டும் படிப்பிப்பினம். எங்கட ஊரில் கைகட்டுறது மரியாதை. கண்ணைப் பார்க்காமல் கதைக்கிறது பலருக்குக் கூச்சம். தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் அது 'ஓம்' ஆகவும் இருக்கலாம்.

புடவைக்கடையில் ஒரு அக்கா சேலையைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்க்கிறா. விலையைப் பார்த்ததும் மெல்ல மடித்து வைக்கிறா. அந்த ஆசையைப் பிடித்து அமத்தி விற்கலாம். கை சுருங்கினதையும் கவனித்து, "அக்கா, இதே நிறத்தில விலை குறைஞ்சதும் இருக்கு, காட்டட்டோ?" எண்டும் கேட்கலாம். முதலாவது ஒருநாள் வியாபாரம். இரண்டாவதுக்குத்தான் சனம் திரும்பி வரும்.

கடைகளில் வேலைக்கு நிற்கிற எங்கட வயதுக்காரருக்கு நாங்கள் சொல்லுறது இதுதான்: உடம்பு சொல்லுறதைத் தீர்ப்பாக எடுக்காதேங்கோ. அது ஒரு சந்தேகம் மட்டும்தான். வாய் திறந்து கேளுங்கோ.