பனிமலை மிதித்து இறுகிய மண்ணாம்!

மண்ணியல் படிக்கிற நண்பர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் உறைந்து கிடந்த நாடுகளில், தரைக்கு அரை மீட்டர் கீழே கல் மாதிரி ஓர் அடுக்கு இருக்கிறதே, அது எப்படி வந்தது? யோசிக்காமல் பதில் வரும்: "மேல கிலோமீட்டர் கணக்குல பனி இருந்துச்சுல்ல, அந்த வெயிட்ல அமுங்கிடுச்சு." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பு.

அந்த அடுக்கின் பெயர் ஃப்ராஜிபேன். வேரும் தண்ணீரும் அதற்குள் சுலபத்தில் இறங்காது. ஈரமான கட்டியை விரலால் அழுத்தினால் குழையாது, பட்டென்று உடையும். காய்ந்த கட்டியைத் தண்ணீரில் போட்டால் உதிர்ந்து விடும். ஆக, சிமெண்ட் பூசியது போல் ஒட்டியதல்ல. துகள்கள் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. யார் நெருக்கியது? அதுதான் சண்டையே.

எடைக் கட்சிக்காரர்கள் முதலில் பெல்ஜியத்துக்குப் பதில் சொல்லட்டும். அங்கும் வட பிரான்சிலும் காற்று கொண்டுவந்து கொட்டிய வண்டலில் இந்த அடுக்கு இருக்கிறது. கடைசிப் பனியுகத்தில் அந்தப் பக்கம் பனிப்படலம் வரவே இல்லை. வராத யானை எப்படி மிதிக்கும்? 1981-ல் வான் வ்லீட், லாங்கோர் இருவரும் இதைப் பழைய நிரந்தர உறைநிலத்தோடு தொடர்புபடுத்தினார்கள். அதற்கு 25 வருடம் முன்பே, 1956-ல், ஸ்காட்லாந்தின் இறுகிய அடுக்கை வைத்து ஃபிட்ஸ்பாட்ரிக் இதே காரணத்தைச் சொல்லிவிட்டார்.

ஸ்காட்லாந்தைப் பனிப்படலம் மூடியிருந்தது உண்மைதான். ஆனால் அங்கே அடுக்கின் மேல் விளிம்பு கத்தியால் வெட்டினது போல இருக்கிறது; கீழே போகப்போக மண் மெல்ல இளகுகிறது. பனியின் எடை அரை மீட்டர் கீழே திடீரென்று வேலையைத் தொடங்கி, கொஞ்ச தூரத்தில் நிறுத்திக்கொள்ளுமா? கோடையில் உருகும் மேல்மண் முடிந்து, உருகாத நிலம் தொடங்கும் எல்லை என்று வைத்துப் பாருங்கள். சரியாகப் பொருந்தும்.

நடந்தது இதுதான். நிலம் உறையும்போது சுற்றியுள்ள ஈரம் உறையும் முகப்பை நோக்கி இழுக்கப்பட்டு, மெல்லிய பனி வில்லைகளாகச் சேர்கிறது. ஈரத்தைப் பறிகொடுத்த இடைமண் சுருங்கி இறுகுகிறது. பனி உருகிய பிறகும் தகடு தகடான அமைப்பு மிஞ்சுகிறது. கற்களின் தலையில் வண்டல் தொப்பி உட்கார்ந்திருக்கிறது. உறைபனியின் கைரேகை இது. மேலிருந்து அமுக்கிய எடை இப்படி ரேகை வைக்காது.

"அமெரிக்காவில் டென்னசி, மிசிசிப்பி பக்கமும் இது இருக்கே, அங்கே ஏது உறைநிலம்?" நியாயமான கேள்வி. தளர்வாகப் படிந்த மண் நனைந்து, தன் பாரத்திலேயே சரிந்து இறுகும் என்று 1989-ல் பிரையன்ட் விளக்கம் கொடுத்தார். பாரம் என்றதும் துள்ள வேண்டாம். அது மண்ணின் சொந்தப் பாரம், பனியுடையது இல்லை. ஒரே பெயர் என்பதற்காக ஒரே காரணம் இருக்க வேண்டியதில்லை.

"எப்படி வந்தா என்னப்பா?" என்பவர்கள் ஸ்காட்லாந்தில் காடு வளர்ப்பவர்களைப் பார்க்கட்டும். இந்த அடுக்கின் மேல் நட்ட ஸ்ப்ரூஸ் மரத்தின் வேர் பக்கவாட்டில்தான் ஓடும். புயலடித்தால் வேரோடு சாயும். அதனால் ஆழ உழுது அடுக்கை உடைத்து நட்டார்கள். அடிவரைக்கும் இறுகல்தான் என்று நம்புகிறவன் கலப்பையைத் தொடவே மாட்டான். அடுக்குக்கு ஓர் அடி உண்டு, அதற்குக் கீழே இளகிய மண் உண்டு என்று தெரிந்தவன்தான் உழுவான்.

பரீட்சையில் "பனியின் எடை" என்று எழுதினால் மார்க் கூடக் கிடைக்கலாம். மரம் நிற்காது.