துக்கம் ஆடித் தீரட்டும்!

வில்லியனூர், பாகூர்ப் பக்கம் சாவு விழுந்தால் பறை முழங்க, பாடைக்கு முன்னால் இளைஞர்கள் ஆடுவார்கள். பெண்கள் வட்டமாய் மாரடித்து அழுவார்கள். நாமோ படித்தவர்களாச்சே, 'பட்டிக்காட்டு வழக்கம்' என்று முகம் சுளிக்கிறோம்.

ஆனால் 1942-இல் வாஷிங்டன் மனநல மருத்துவமனையில் மரியன் சேஸ் நோயாளிகளோடு ஆடியே சிகிச்சை தந்தார். 2004-இல் தொடங்கிய 'கொல்கத்தா சன்வேத்' அமைப்பு, கடத்தப்பட்டு மீண்ட பெண்களுக்கு ஆட்டத்தால் தெம்பூட்டுகிறது. வாய் சொல்லாததை உடம்பு சொல்லிவிடும், அவ்வளவுதான் சங்கதி!

அப்பாவை இழந்தவன் நம் வகுப்பிலும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். 'ஆம்பளை அழலாமா?' என்கிறோம். ஆண்டுவிழாப் போட்டி ஆட்டம் மட்டும் போதாது. வாரம் ஒரு மாலை, பரிசும் பார்வையாளரும் இல்லாமல் சேர்ந்து ஆட மாணவர் பேரவை ஏற்பாடு செய்யட்டும். அப்பவும் தேறாதவனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவோம். தனியா மட்டும் விட்டுடாதீங்க!