‘மனவலிமை போதவில்லை’ என்று மூடப்படும் கோப்புகள்

உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் தலித் மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டால், இரண்டொரு நாட்களுக்குள் விளக்கம் தயாராகிவிடுகிறது: பாடச்சுமை, குறைந்த மதிப்பெண், குடும்பச் சூழல், தனிமை. பின்னர் அமைக்கப்படும் விசாரணைக் குழுவும் பெரும்பாலும் இதே சொற்களை வேறு வரிசையில் எழுதித் தருகிறது. 2016 சனவரி 17 அன்று ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா இறந்தார். அதை விசாரித்த ரூபன்வால் ஆணையம், அவருடைய சொந்த விரக்தியே காரணம் என்றும் நிர்வாகத்தின் மீது பிழையில்லை என்றும் கூறியது. அவர் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டதும், ஏழு மாத ஆய்வு உதவித்தொகை அவர் கைக்கு வராமல் இருந்ததும் அந்தக் ‘விரக்தி’க்கு வெளியே நின்றுவிட்டன. 2023 பிப்ரவரி 12 அன்று மும்பை ஐ.ஐ.டி.யின் முதலாண்டு மாணவர் தர்ஷன் சோலங்கி இறந்தபோதும், நிறுவனத்தின் குழு சாதிப் பாகுபாட்டுக்கு நேரடிச் சான்று இல்லை என்றது. கல்வியில் ஏற்பட்ட பின்னடைவைச் சுட்டியது.

இந்த விளக்கங்களில் ஒரு வசதி இருக்கிறது. துயரம் ஒருவரின் தலைக்குள் மட்டும் நிகழ்வதாகச் சொல்லிவிட்டால், அந்தத் தலையைச் சுற்றியிருந்தவர்கள் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மனநலம் என்ற சொல்லையே சந்தேகத்துடன் பார்க்கும் பழக்கம் நம் இயக்கங்களில் உருவாகியிருக்கிறது. “இது மனநோய் அல்ல, நிறுவனப் படுகொலை” என்று முழக்கமிடுகிறோம். முழக்கம் நியாயமானது. ஆனால் மனநலத்தை நிர்வாகத்தின் சொல்லாக விட்டுக்கொடுத்துவிட்டால், இன்று இரவு விடுதி அறையில் தூக்கமின்றிக் கிடக்கும் மாணவருக்குச் சொல்ல நம்மிடம் எதுவும் மிஞ்சாது. அந்தச் சொல்லை நாம் மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது.

கணக்கிலிருந்து தொடங்கலாம். 2014 முதல் 2021 வரை மத்திய அரசின் உயர்கல்வி நிறுவனங்களில் 122 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக ஒன்றியக் கல்வி அமைச்சர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். அவர்களில் 24 பேர் பட்டியல் சாதியினர், 3 பேர் பழங்குடியினர், 41 பேர் பிற்படுத்தப்பட்டோர். மரணங்கள் மட்டும் முழுப் படத்தைத் தருவதில்லை. ஆஷிஷ் குப்தா, டயான் காஃபி ஆகிய ஆய்வாளர்கள் உலகச் சுகாதார நிறுவனம் இந்தியாவில் எடுத்த கணக்கெடுப்பின் தரவுகளை ஆராய்ந்து 2020இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பட்டியல் சாதியினரும் முஸ்லிம்களும் தங்களது மனநிலை குறித்துச் சொன்ன விடைகள் உயர்சாதி இந்துக்களின் விடைகளைவிட மோசமாக இருந்தன. கல்வியையும் சொத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த இடைவெளி மறையவில்லை. வறுமை ஒழிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

இந்த இடைவெளி எப்படி உண்டாகிறது? பெரிய வன்கொடுமைகள் செய்தியாகின்றன. அன்றாடம் நிகழ்பவை செய்தியாவதில்லை. தமிழ்நாட்டுக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் “எந்த ஊர்?” என்று கேட்கிறார்கள். ஊரைச் சொன்னால் “ஊரில் எந்தப் பக்கம்?” என்கிறார்கள். தெருவின் பெயரைச் சொல்வதா, பக்கத்திலிருக்கும் பெரிய ஊரின் பெயரைச் சொல்லித் தப்புவதா என்று அந்த மாணவர் நொடிப்பொழுதில் முடிவெடுக்க வேண்டும். பொய் சொன்னால் அதை நான்காண்டுகள் நினைவில் வைத்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் எதிரிலிருப்பவரின் முகம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். உதவித்தொகைப் படிவம் தர வகுப்பறையில் பெயர் சொல்லி எழுப்பும்போது யாரெல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். அகமதிப்பீட்டு மதிப்பெண் குறைந்தால், தன் விடை பிழையா, ஆசிரியரின் பார்வை பிழையா என்ற கேள்விக்கு ஒருபோதும் உறுதியான விடை கிடைக்காது. இந்த உறுதியின்மைதான் ஆளைத் தின்கிறது. நேரடியான வசைக்குக் கோபப்படலாம். இதற்குக் கோபப்படக்கூட ஆதாரம் வேண்டும் என்கிறார்கள்.

மும்பை ஐ.ஐ.டி.யின் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் பிரிவு 2022இல் நடத்திய கணக்கெடுப்பில் 388 மாணவர்கள் பங்கேற்றனர். தங்கள் சாதியை அறிவதற்காகவே சக மாணவர்கள் நுழைவுத் தேர்வின் தரவரிசையைக் கேட்டதாக 37 விழுக்காட்டினர் கூறினர். குடும்பப் பெயரைக் கேட்டதாக 26 விழுக்காட்டினர் கூறினர். சோலங்கியின் மரணத்திற்குப் பிறகுதான், தரவரிசையைக் கேட்பது முறையன்று என்று அந்த நிறுவனம் அறிவுறுத்தல் வெளியிட்டது. வடக்கே தரவரிசை, இங்கே தெருப்பெயர். கேள்வியின் உருவம்தான் மாறுகிறது.

எப்போதும் காவலிருக்கும் மனம் உடலையும் காவலில் வைக்கிறது. தூக்கம் கெடுகிறது, காலை உணவு இறங்குவதில்லை, அடிக்கடி தலைவலியும் வயிற்றுக் கோளாறும் வருகின்றன. வகுப்புக்குப் போவது குறைகிறது, வருகைப்பதிவு குறைகிறது, தேர்வு எழுத அனுமதி மறுக்கப்படுகிறது. கடைசியில் ‘கல்வியில் பின்னடைவு’ என்ற விளைவு மட்டும் கோப்பில் காரணமாக ஏறுகிறது.

நீதிமன்றங்கள் அண்மையில் இதைக் கவனிக்கத் தொடங்கியிருக்கின்றன. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், உயர்கல்வி மாணவர்களின் மனநலம் பற்றி ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. 2025 சூலை 25 அன்று வழங்கிய மற்றொரு தீர்ப்பில், மனநலம் அரசமைப்பின் 21ஆவது பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று அறிவித்துப் பதினைந்து வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனத்தில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. விளிம்புநிலைப் பின்னணியிலிருந்து வரும் மாணவர்களை அணுகும் முறையில் ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் பயிற்சி தேவை என்பது இன்னொன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சாதி உள்ளிட்ட எந்த அடிப்படையிலும் பாகுபாடின்றிச் சிகிச்சை பெறும் உரிமையை ஏற்கெனவே தந்திருக்கிறது. ஒருவரின் சமூகநிலையையோ, நிலவும் ஒழுங்குகளுக்கு அவர் இணங்க மறுப்பதையோ கொண்டு அவருக்கு மனநோய் என்று முத்திரை குத்தக்கூடாது என்றும் அச்சட்டம் சொல்கிறது. போராடும் மாணவரை ‘மனநலம் சரியில்லாதவர்’ என்று ஒதுக்கும் நிர்வாகத்தின் முன் எடுத்துக்காட்ட வேண்டிய பிரிவு அது.

ஆனால் ஆலோசகர் நியமனத்தோடு கடமை முடிந்தது என்று கல்லூரிகள் கருதும் ஆபத்து கண்ணெதிரே இருக்கிறது. சாதிவசை பற்றிப் புகார் சொல்ல வந்த மாணவியை ஆலோசகரிடம் அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். “மனதில் போட்டுக்கொள்ளாதே, மூச்சுப் பயிற்சி செய்” என்று அவர் சொன்னால், வசை பேசியவர் அறையில் நிம்மதியாக உறங்குவார். வசைபட்டவர் பயிற்சி செய்துகொண்டிருப்பார். மூச்சுப் பயிற்சியை நான் இழிவாகச் சொல்லவில்லை. படபடப்பில் அது உதவும். புகார்க் குழு செய்ய வேண்டிய வேலையை அதனிடம் ஒப்படைப்பதுதான் மோசடி. ஆலோசகரே இட ஒதுக்கீட்டைச் சலுகை என்று நம்புபவராக இருந்தால், அந்த அறைக்குள் மாணவர் பாதி உண்மையை விழுங்கிவிட்டுத்தான் பேசுவார். பேசியது முதல்வரின் மேசைக்குப் போகும் என்ற அச்சம் இருந்தால் அதுவும் பேசமாட்டார்.

பாகுபாட்டைத் தடுக்கும் பக்கம் நிலைமை தேங்கிக் கிடக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டுச் சமத்துவ விதிமுறைகள் பெரும்பாலும் ஏட்டோடு நின்றன. ரோகித்தின் தாய் ராதிகா வெமுலாவும், மும்பையில் 2019இல் இறந்த பழங்குடி மருத்துவர் பாயல் தட்வியின் தாய் ஆபேதா தட்வியும் உச்ச நீதிமன்றம் சென்று தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாகவே 2026 சனவரியில் புதிய விதிமுறைகள் வந்தன. பொதுப்பிரிவினர் தெருவுக்கு வந்தனர். அதே மாதத்திலேயே உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்து, பழைய விதிகளே தொடரும் என்றது. பிள்ளைகளை இழந்த இரண்டு தாய்மார் ஆண்டுக்கணக்கில் நடந்து பெற்றதை நிறுத்த மூன்று வாரங்கள்கூடத் தேவைப்படவில்லை.

தமிழ்நாடு தன்னைத் தனித்துக் காட்டிக்கொள்ள முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் அதே பள்ளியில் படித்தவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை தந்தது. மாணவர் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டும் பள்ளிகளில் நல அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கைக்கயிறு பற்றிய பரிந்துரை தொலைக்காட்சி விவாதங்களை நிறைத்தது. நல அலுவலர் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. 2025 சூலையில் அரசு விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றப்பட்டது. பெயர் நல்லது. அந்த விடுதிகளின் காப்பாளர்களுக்கு ஒரு மாணவரின் மனச்சோர்வை அடையாளம் காணும் பயிற்சியும் கிடைத்தால் பெயருக்குப் பொருள் கூடும்.

இனி நம் பக்கம். வன்கொடுமை நடந்த ஊருக்குச் சென்று உண்மையறியும் அறிக்கை எழுதும் தோழர்கள், பிணவறை வாசலில் நின்றுவிட்டு மறுநாளே அடுத்த ஊருக்குப் பயணப்படுகிறார்கள். அவர்களின் தூக்கத்தைப் பற்றி நாம் கேட்பதில்லை. அழுவது பலவீனம் என்ற எண்ணம், குறிப்பாக ஆண் தோழர்களிடம், வேரோடியிருக்கிறது. அண்ணல் அம்பேத்கரை நினைவுகொள்ளட்டும். 1917இல் பரோடாவில் தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடிகளோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டதை அவர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் தன்வரலாற்றுக் குறிப்புகளில் எழுதினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கடந்தும், அதை நினைத்தால் கண்கள் நிறைவதை அவர் மறைக்கவில்லை. வெளிநாட்டில் முனைவர் பட்டத்துக்குப் படித்துத் திரும்பியவர் அவர். படிப்பு அந்தக் காயத்தை ஆற்றவில்லை. அதைச் சொல்ல அவர் வெட்கப்படவும் இல்லை.

வாசகர் வட்டங்கள் செய்யக்கூடியவை பல உண்டு. புதிதாக வரும் மாணவரை முதல் வாரத்திலேயே ஒரு மூத்த மாணவர் சந்தித்து, உதவித்தொகை விண்ணப்பம், விடுதி, எந்த ஆசிரியரை நம்பலாம் என்பதைச் சொல்லிக்கொடுத்தால் பாதிச் சுமை இறங்கும். உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் கைமாற்றுக்கு ஒரு சிறு நிதி இருந்தால், உணவுக் கட்டணத்துக்காக ஒருவர் தலைகுனிய நேராது. அவமதிப்பு நிகழ்ந்த நாள், இடம், சொன்ன சொல், உடனிருந்தவர் ஆகியவற்றை அன்றே எழுதிவைப்பது வழக்குக்கும் உதவும். ‘நான்தான் மிகைப்படுத்துகிறேனோ’ என்ற சுயசந்தேகத்துக்கும் மருந்தாகும். ஒருவர் இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமும் பசியும் இழந்து, பேச்சைக் குறைத்து, பொருட்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால், ‘உயிரை விட்டுவிடும் எண்ணம் வருகிறதா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, தனிமை உடைகிறது. அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாத்திரை உண்பது தோல்வியன்று. அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும், தமிழ்நாட்டின் மருத்துவ உதவி மையத்தை 104 என்ற எண்ணிலும் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியதை எழுத்தில் கேட்க வேண்டும். அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு விண்ணப்பம் போதும். மனநல ஆலோசகர் நியமிக்கப்பட்டாரா, அவருடைய தகுதி என்ன, அவர் யாருக்கு அறிக்கை தருகிறார், சமத்துவ விதிமுறைகளின்படி பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் யார், கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை புகார்கள் வந்தன, அவற்றில் எத்தனை ஆலோசகரிடம் திருப்பி அனுப்பப்பட்டன? முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டு அலுவலரின் பெயரும் அதே கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும்.