செம்மறியாடுகள் மாற்றிய கணக்கு

கிருமித்தொற்றுக்கு உடல் காட்டும் கட்டுமீறிய எதிர்வினையான செப்சிஸ் முற்றிய நோயாளிக்குச் சிறுநீர் குறைந்தால், சிறுநீரகத்துக்கு ரத்தம் போதவில்லை என்றே மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் நம்பினார்கள். ரத்த ஓட்டத்தைக் கூட்டுவதற்காகக் குறைந்த அளவு டோபமைன் மருந்தை ஏற்றினார்கள். மெல்போர்ன் மருத்துவர் ரினால்டோ பெல்லோமோவும் சகாக்களும் அந்தப் பழக்கத்தை 328 நோயாளிகளிடம் சோதித்து 2000இல் முடிவை வெளியிட்டார்கள்: டோபமைன் சிறுநீரகத்தைக் காக்கவில்லை. பயனற்ற மருந்தைக் கையிலிருந்து இறக்கிவைக்கச் சொல்லும் இத்தகைய ஆய்வை, புதுமருந்துக் கண்டுபிடிப்புக்குச் சமமாகவே நான் மதிக்கிறேன். பிறகு அவர் குழு செம்மறியாடுகளுக்கு ஈ.கோலை கிருமியைச் செலுத்தி, சிறுநீரகத் தமனியில் ஓட்டத்தை அளந்தது. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியது, சிறுநீர் குறைந்தது. ரத்த ஓட்டமோ கூடியிருந்தது! ரத்தம் தாராளமாகப் பாயும்போதே வடிகட்டல் சரியலாம் என்றால், ஓட்டத்தைக் கூட்டச் சலைன் என்னும் உப்புநீரை மேலும் மேலும் ஏற்றுவது எப்படி மருந்தாகும்? செப்சிஸிலிருந்து சிறுநீரகத்தைக் காக்கும் தனி மருந்து இன்றும் இல்லை. ஆகவே மணிதோறும் சிறுநீரை அளந்து எழுதும் செவிலியரின் தாளை மருத்துவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். சிறுநீர் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிலிட்டருக்குக் கீழே ஆறு மணி நேரம் நீடித்தால், 2004இல் பெல்லோமோ பங்கேற்று வகுத்த, சிறுநீரகப் பாதிப்பைப் படிகளாகப் பிரிக்கும் ரைஃபிள் வரையறைப்படி அது ஆபத்தின் முதல் படி.